பாம்பன் முதல் அரிச்சல்முனை வரை: எங்கே நின்று படம் எடுப்பது?

(ஒளிப்பட ஆர்வலர்களின் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்ற கேள்விகளோடு உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அவற்றுக்கு விடை சொல்லக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்திருப்பது காசு செலவில்லாத ஒரு முடிவைப் பற்றி. எங்கே நிற்பது என்ற முடிவைப் பற்றி. அதற்கு இராமேசுவரம் தீவின் கரையை எடுத்துக்கொள்கிறேன். பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் போய், தவறான இடத்தில் நின்று, படங்களைக் கெடுத்துக்கொண்ட கரை அது.

முதலில் பாம்பன் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழுந்து வந்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி முழுதாகச் செங்குத்தாக உயர்கிறது. இதை எல்லோரும் சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி, பின்னால் வருபவர்களின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, குனிந்து பார்த்து எடுக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் அந்தப் பாலம் கடலின் மீது கிழித்த கோடுதான். கீழே இறங்கி, பாம்பன் கரையில் வள்ளங்கள் கட்டிக் கிடக்கும் இடத்தில், கேமராவை இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பாருங்கள். தூக்குக் கோபுரங்கள் வானத்தில் ஏறி நிற்கும். வலையை உதறும் ஆள் முன்னால் நின்றால் அவற்றின் உயரமும் விளங்கும்.

இனிப் பூநாரை, அதாவது ஃபிளமிங்கோ. மழைக்காலம் ஓய்ந்து தனுஷ்கோடிப் பக்கத்து உப்பங்கழிகளில் நீர் முழங்காலளவு நிற்கும் மாதங்களில் அவை வருகின்றன. கோதண்டராமர் கோயிலுக்குப் போகும் வழியில் நின்றாலே சில நாட்கள் கண்ணுக்குத் தெரியும். 2025 ஜூனில் தமிழ்நாடு அரசு அங்கே சுமார் 525 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. நான் முதன்முதலாகப் போனபோது, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி, அவற்றை நோக்கி நடந்தேன். மொத்தக் கூட்டமும் எழுந்து பறந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் முழுக்க வால்கள். கரையில் சங்கும் சோழியும் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "சாப்பிட வந்த பறவையை எழுப்பி விட்டுட்டீங்களே, தம்பி" என்றார். எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை வடிகட்டி உண்ணும் பறவை. நின்ற இடத்திலிருந்து அதனால் எழும்ப முடியாது. நீரின் மேல் சில அடிகள் ஓடித்தான் எழ வேண்டும். ஒவ்வொரு முறை நாம் விரட்டும்போதும் அது தின்றதில் ஒரு பகுதியை அந்த ஓட்டத்தில் இழக்கிறது. அத்தோடு, பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். தை மாதத்தில் அங்கே வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. காலைச் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. ஆகவே கழியின் கிழக்குப் பக்கம் விடியுமுன் போய் அசையாமல் அமர்ந்துவிட்டால், வெளிச்சம் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாமாக இடம் மாறும் பறவைகளின் முகம் நம் பக்கம் இருக்கும். மீனவர்களுக்குக் காற்றின் பெயர் தெரிவது பிழைப்புக்காக. நமக்கும் தெரிந்திருந்தால் லட்ச ரூபாய் லென்ஸின் வேலையில் பாதி முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் வெண்மணலிலிருந்து கானல் எழும்; அதன்பின் தொலைவு லென்ஸில் எடுக்கும் எந்தப் படமும் தெளிவாக இராது. பெட்டியைக் கட்டிவிட்டுப் பொரித்த மீன் சாப்பிடப் போகலாம்.

வெண்மணலைப் பற்றி ஒரு சொல். கேமரா தன் போக்கில் அளந்தால் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். ஒரு படி கூட்டி வெளிச்சம் கொடுங்கள். லென்ஸில் படியும் மணலைத் துணியால் துடைக்காதீர்கள், முதலில் ஊதி அகற்றுங்கள்.

தனுஷ்கோடி இடிபாடுகளுக்கு வருகிறேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலைக் கடல் கொண்டுபோனது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 2017-இல் தீவின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரை சாலை திறந்தபின் அங்கே கூட்டம் குறைவதே இல்லை. நண்பகலில் நேராக நின்று எடுத்தால் அது வெறும் வெள்ளைச் சுவர். காலையோ மாலையோ பக்கவாட்டு வெயில் விழும்போது எடுத்தால், கல்லில் பவளப் பூச்சிகள் வாழ்ந்த துளைகள் ஒவ்வொன்றும் நிழல் பெறும். சுவரின் மேல் ஏறி நின்று எடுக்கும் வழக்கம் எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. சுற்றிலும் ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன; அவர்களிடம் கேட்காமல் அவர்கள் வாசலைப் "பேய் நகரம்" என்று தலைப்பிட்டு வெளியிடுவது அதைவிடவும் பிடிக்கவில்லை.

அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. அங்குள்ளோர் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி இருப்பது அரிது. மணல் திட்டின் நுனியில் அகல லென்ஸோடு நின்றால் ஒரே படத்தில் இரண்டின் குணமும் விழும். இலங்கைக் கடல் எல்லை அருகே இருப்பதால், அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிட நினைக்கவே வேண்டாம்.

கடைசியாக, பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமை. தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி முட்டையிடும் இந்த ஆமையை எங்கே நின்று எடுப்பது என்று கேட்டால், நிற்கவே வேண்டாம் என்பதே என் விடை. வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ ஒளியை நோக்கித் திசை மாறிப் போகும். ஒரு மாசி மாத இரவில், பிளாஷைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு நான் தொலைவில் உட்கார்ந்திருந்தேன். விடிந்தபின் எடுத்தது ஒரே ஒரு படம்: ஈர மணலில் இடமும் வலமும் மாறி மாறித் துடுப்புப் பதிந்த தடம், பாதியை அலை அழித்திருந்தது.