பெடல் மேல் யார் கால்?

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, பாதிப் பேர் வீட்டில் அடுப்பில் தோசைக்கல் இருக்கும் நேரம். சிலர் காரில் போய்க்கொண்டே ரேடியோவில் கேட்கிறீர்கள் என்றும் தெரியும். காரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். நான் பேசி முடிக்கும் வரைக்குமாவது இடப்பக்கத் தடத்திலேயே நிதானமாக வாருங்கள்.

நான் இந்தத் தென்னாப்பிரிக்காவில் 31 வருஷம் பஸ் ஓட்டியவன். சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் டவுனுக்கு, திரும்ப டவுனிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு. சாயங்காலத்தில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கு நான் பேச வந்த விஷயத்தில் இந்த இரண்டு வேலையும் வந்து சேருகின்றன. வேகமாக ஓட்டியதற்கு வரும் ஃபைனையும், அதைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் வரும் வினைச்சொல்லையும் பற்றித்தான் பேசப் போகிறேன்.

போன மாதம் ஒரு நலங்கு வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் டென்ட் போட்டிருந்தது. சாப்பிட்டு முடித்த ஆண்கள் எல்லாம் ஒரு ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கல்யாண வீட்டுப் பையனின் சித்தப்பா மகனுக்கு அந்த வாரம்தான் தபாலில் ஃபைன் வந்திருந்தது. பேச்சு அங்கே பிடித்தது, ஒரு மணி நேரம் ஓயவில்லை. உங்கள் வீட்டிலும் இதே பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

"எல்லாம் வசூல்தான் அண்ணே, நம்ம பாக்கெட்ல கை வைக்கிற வேலை" என்றார் ஒருவர். "கேமராவைப் புதருக்குப் பின்னால கொண்டுபோய் வைக்கிறான்" என்றார் இன்னொருவர். "டாக்சிக்காரன் சிவப்பு ரோபோவுல, அதான் சிக்னல்ல, நிக்காமப் போறான், அவனை எவன் கேட்கிறான்?" என்று ஒருவர். "அந்த இடத்துல எல்லாரும் எண்பதுலதான் போறாங்க. நான் மட்டும் அறுபதுல போனா பின்னால வர்றவன் ஏறிடுவான்" என்று ஒருவர். கடைசியாக ஒரு தம்பி, "நேர்ல நிறுத்தியிருந்தா கூல்டிரிங்குக்குக் கொடுத்து முடிச்சிருக்கலாம், கேமராகிட்ட என்ன பேசுறது?" என்றான்.

கூல்டிரிங்க் என்ற பேரில் லஞ்சம் கொடுக்கும் சமாச்சாரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. டாக்சியைப் பற்றிச் சொன்னது உண்மை. கேமரா நிற்கும் இடத்தைப் பற்றிச் சில நேரம் எனக்கும் சந்தேகம் வருவதுண்டு. வேக எல்லைப் பலகையை மரக்கிளை மறைத்திருந்தால், படத்தில் இருப்பது உங்கள் வண்டியே இல்லை என்றால், எழுதிப் போடுங்கள், கோர்ட்டில் போய் நில்லுங்கள். அது உங்கள் உரிமை.

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். "நான் வேகமாப் போனேன்." இந்த மூன்று சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை.

தமிழ் வகுப்புக்காரன் என்பதால் நான் எழுவாயைத் தேடுவேன். "பிடிச்சுட்டாங்க." யார்? அவர்கள். "ஃபைன் போட்டுட்டாங்க." அதுவும் அவர்கள். "ஃபோட்டோ எடுத்துட்டாங்க." மறுபடியும் அவர்கள். "மாட்டிக்கிட்டேன்" என்பதில் நான் இருக்கிறேன், ஆனால் வலையில் விழுந்த மீனாக இருக்கிறேன். விபத்து என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். "ஆக்சிடென்ட் ஆயிடுச்சு." "வண்டி போய் இடிச்சிடுச்சு." வண்டி தானாகவே சாவி போட்டு, தானாகவே கியர் மாற்றி, தானாகவே போய் இடித்த மாதிரி. ஓட்டினவர் அந்த வாக்கியத்தில் எங்கேயும் இல்லை.

எனக்கு இந்த இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஆயா. பேர்கூடத் தெரியாது. இந்தக் கதையை என் பிள்ளைகள் நூறு தடவை கேட்டுவிட்டார்கள். உங்களுக்கும் சொல்கிறேன்.

1983. அப்போதெல்லாம் ஒரே ரூட்டில் இரண்டு மூன்று முதலாளிகளின் பஸ் ஓடும். ஸ்டாப்புக்கு யார் முதலில் போகிறாரோ அவருக்குத்தான் ஆள். அதனால் பஸ்ஸும் பஸ்ஸும் போட்டி போடும். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "விடாதீங்க அண்ணே, விடாதீங்க" என்று கத்துவான். உள்ளே பாட்டு அலறும். அந்தக் காலத்தில் சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

அன்றைக்கு விடியற்காலை, இரவு முழுக்க மழை பெய்து நின்றிருந்தது. எனக்குப் பின் சீட்டில் ஒரு ஆயா. மடியில் ஒரு மூட்டை, காலடியில் ஒரு மூட்டை, எல்லாம் கீரையும் கொத்தமல்லியும். ஏர்லி மார்னிங் மார்க்கெட்டில் போய் விற்க வேண்டும். முன்னால் இன்னொரு முதலாளியின் பஸ் போகிறது. இறக்கத்தில் அவனை முந்தப் பார்க்கிறேன். ஈர ரோடு, பஸ் நிறைய ஆள். முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியில் காசால் தட்டும் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

"தம்பி, நிறுத்து. நான் இறங்கணும்."

"இங்க ஸ்டாப் இல்லையே ஆயா."

"ஸ்டாப் இல்லைன்னா பரவாயில்லை. நான் நடந்துக்கிறேன். உங்க முதலாளிக்குக் காசுதான் கொடுத்தேன், உசிரைக் கொடுக்கலை."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. "என்ன பண்றது ஆயா? முன்னால அந்த பஸ் போகுது. வசூல் குறைஞ்சா முதலாளி என்னைத்தானே கேட்பார்?" என்றேன்.

அந்த ஆயா குரலை உயர்த்தவே இல்லை. "முதலாளி வீட்டுல தூங்குறார். அந்த பஸ்காரன் அவன் பஸ்ஸை ஓட்டுறான். இந்தப் பெடல் மேல இருக்கிறது யார் காலு?"

கண்டக்டர் பாட்டை நிறுத்திவிட்டான். பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. நான் காலை எடுத்தேன். முன்னால் போன பஸ் வளைவு திரும்பி மறைந்தது. அடுத்த நாலு ஸ்டாப்பிலும் எனக்கு ஆள் இல்லை. மார்க்கெட் பக்கத்தில் இறங்கும்போது ஆயா ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் முதலாளி கணக்குப் பார்த்துவிட்டு, "ஏன் குறையுது?" என்றார். "மழை ரோடு, நான் மெதுவா ஓட்டினேன்" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் நான்தான். அதற்கு முன்னால் பஸ் ஓட்டிய அத்தனை வருஷத்தில் நான் அப்படி ஒரு வாக்கியம் சொன்னதாக நினைவில்லை.

இத்தனையும் கற்றுக்கொண்ட பிறகு எனக்கும் ஒரு ஃபைன் வந்தது. அதையும் சொல்ல வேண்டும். 2016. வேலையிலிருந்து நின்றாகிவிட்டது. காலை ஐந்து மணிக்குக் கோயிலுக்குப் போகிறேன், 60 எல்லை உள்ள ரோட்டில் 83. மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. என் மனைவிதான் பிரித்தார். "என்னங்க இது?" "ஒண்ணுமில்லை, மாட்டிக்கிட்டேன்." பாருங்கள், எனக்கும் அதே சொல்தான் வந்தது. "வேகமாப் போனீங்களா?" "அந்த நேரத்துல ரோட்டுல ஒரு ஆள் இல்லை, அதான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். என் வண்டி, என் நம்பர். படத்தின் ஓரத்தில், ரோட்டை ஒட்டி, தோளில் ஒரு பையோடு ஒருவர் நடந்து போகிறார். வேலைக்குப் போகிறவராக இருக்கும். நான் அவரைப் பார்க்கவே இல்லை. இருட்டில் அவர் ஒரு எட்டு இந்தப் பக்கம் வைத்திருந்தால்? அந்தப் படம் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டேன். அந்தப் படத்தை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

நம் நாட்டில் வருஷத்துக்கு 10,000 பேருக்கு மேல் ரோட்டில் சாகிறார்கள். அதில் ஏறக்குறைய பத்தில் நாலு பேர் காரிலேயே இல்லாதவர்கள், நடந்து போனவர்கள். ஹிகின்சன் ஹைவேயில் சாயங்கால நேரம் போய்ப் பாருங்கள், கையில் கடைப் பையோடு ஆட்கள் குறுக்கே ஓடுவார்கள். பாலத்தில் போகலாமே என்று நாம் சொல்லலாம். போகலாம்தான். ஆனால் அவர் குறுக்கே வந்தார் என்பதால் என் கால் என் கால் இல்லாமல் போய்விடுமா?

இருபது கிலோமீட்டர் கூடினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, கிரிக்கெட் பிட்சை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். ஸ்டம்பிலிருந்து ஸ்டம்புக்கு 22 கெஜம், சுமார் 20 மீட்டர். கண் பார்த்து, மூளைக்குப் போய், கால் பிரேக்குக்கு வர ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதில் போகும் கார் அந்த ஒரு விநாடியில் ஒரு பிட்சுக்குக் கொஞ்சம் குறைவான தூரம் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் ஒரு பிட்ச். ஆக, இரண்டு பிட்சுக்குள் நின்றுவிடும். எண்பதில் போகும் காருக்கு, நல்ல டயரும் காய்ந்த ரோடுமாக இருந்தாலும், மூன்று பிட்சுக்குக் கிட்டத்தட்ட வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் பிரேக் பிடிக்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இன்னொன்றையும் கேளுங்கள். அறுபதில் வந்த கார் முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தில், எண்பதில் வந்த கார் இன்னும் அறுபதில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றிருந்தால், ஒருவர் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறார். மற்றவர் அறுபதில் மோதுகிறார். நான் சொன்னது காருக்கு. பஸ்ஸும் லாரியும் இன்னும் அதிக தூரம் கேட்கும்.

இதற்குக் கிடைக்கும் லாபம்தான் என்ன? டவுனுக்கு 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். எண்பதில் போனால் 15 நிமிஷம், நூறில் போனால் 12. மூன்று நிமிஷம். அதுவும் வழியில் ஒரு ரோபோகூடச் சிவப்பாகாமல் இருந்தால்.

சொல்ல மறந்துவிடக் கூடாத ஒன்று, லைட் மினுக்குவது. எதிரே வருகிறவருக்கு லைட்டை இரண்டு தடவை மினுக்கி, முன்னால் போலீஸ் நிற்கிறது என்று சொல்கிறோம். நல்ல மனசோடுதான் செய்கிறோம். முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவுகிறோம். ஆனால் அவர் என்ன செய்கிறார்? அரை கிலோமீட்டர் மெதுவாகப் போய்விட்டு, போலீஸைத் தாண்டியதும் மறுபடியும் மிதிக்கிறார். அந்த அரை கிலோமீட்டருக்கு அப்பால் நடந்து போகிறவருக்கு நாம் என்ன உதவி செய்தோம்? ரோட்டில் மாடு நிற்கிறதா, விளக்கில்லாமல் லாரி நிற்கிறதா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கிறார்களா, அதற்கு மினுக்குங்கள். கை வலிக்கும் வரை மினுக்குங்கள்.

அந்த நலங்கு வீட்டில், ஃபைன் வந்த சித்தப்பா மகனின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. ஃபைன் வந்தது அவன் பேரில் இல்லை, அவன் அப்பா பேரில். வண்டி அவருடையது. யார் ஓட்டினார் என்று வேறு மாதிரி நிரூபிக்காத வரை, வண்டியின் சொந்தக்காரர்தான் ஓட்டினார் என்று நம் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்பா பாவம், "என் பேருக்குத்தானே வந்திருக்கு, நானே கட்டிடறேன்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவனுக்கு வயசு இருபத்தாறு, சம்பளம் வாங்குறான். கட்ட வேண்டியது அவன்" என்று சொல்லிவிட்டேன். நலங்கு வீட்டில் அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் மகனின் வேகத்துக்கு அப்பா காசு கொடுத்தால், மகனுக்கு அது வெறும் தபால்தான். தப்பு செய்தால் ஓட்டினவரின் லைசென்ஸில் புள்ளி ஏறும் முறை வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அதற்கான ஆர்ட்டோ (AARTO) என்ற போக்குவரத்துச் சட்டம் 1998-லேயே வந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலும் பிரிட்டோரியாவிலும் நடத்திப் பார்த்தார்கள். அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பணத்தை அப்பா கட்டலாம், ஆனால் ஓட்டினவனின் லைசென்ஸில் ஏறும் புள்ளியை...

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிகழ்ச்சி நடத்தும் தங்கச்சி கையைக் காட்டுகிறார், இரண்டு நிமிஷம்கூட இல்லையாம். புள்ளி முறையை விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தையாவது சொல்லிவிடுகிறேன். மூன்று வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு காரில் தனி சீட் கட்டாயம், 2015 முதல் சட்டம். மடியில் வைத்துக்கொள்வது போதாது. பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் தாங்காது. கோயில் பக்கத்தில்தானே, ஐந்து நிமிஷம்தானே என்று விடாதீர்கள். பின்சீட்டில் ஆயா தாத்தாவுக்கும் பெல்ட் போட்டுவிடுங்கள்.

அடுத்த வெள்ளி குட் ஃப்ரைடே. அன்றைய மாரியம்மன் திருவிழாவுக்கு இசிப்பிங்கோ கோயிலுக்கும் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயிலுக்கும் ஆயிரக்கணக்கில் போவீர்கள். வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாகவே நடப்பீர்கள், இருட்டும்போது திரும்பி வருவீர்கள். அதே நேரத்தில் ஈஸ்டர் விடுமுறைக்காரர்கள் எல்லாம் N2, N3 ஹைவேக்களில் இருப்பார்கள். கோயிலை நெருங்கும்போது அறுபதுகூட வேண்டாம், நாற்பது போதும். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும். நானும் இசிப்பிங்கோ ரோட்டோரமாகத்தான் நடந்து வருவேன், வெள்ளைச் சட்டை போட்டிருப்பேன். வணக்கம்.