கூட்டம் எத்தனை பேர்? ஃபிளீட்வுட் மேக்கின் தொடக்கக் காலக் கணக்கு

அவைத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த நூலகப் பொறுப்பாளர் அவர்களே, வேறு கூட்டத்தை விட்டுவிட்டு இங்கே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் புளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையோடு மிசிசிப்பியில் புறப்பட்டு லண்டன் வரை நம்மை அழைத்து வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் எண்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். சங்கத்தின் பொருளாளர் மட்டும் புன்னகைக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

ஃபிளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் கச்சேரிகளுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். முதலாவது, அரங்கக் கூட்டத்தைக் கணக்கிடும் விதம். இரண்டாவது, திறந்தவெளித் திருவிழாக் கூட்டம். மூன்றாவது, பிரிட்டனின் பல்கலைக்கழக மாணவர் மன்றங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி போதும்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

ஃபிளீட்வுட் மேக் என்றதும் பலருக்கு 1975க்குப் பிந்தைய விளையாட்டரங்குக் கூட்டங்கள்தான் நினைவுக்கு வரும். நான் பேசுவது அதற்கு முந்திய எட்டு ஆண்டுகள். ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவை விட்டு வெளியேறிய பீட்டர் கிரீன், 1967இல் இந்தக் குழுவைத் தொடங்கினார். ஜெரமி ஸ்பென்சர் கிட்டார், மிக் ஃபிளீட்வுட் டிரம்ஸ், பாப் பிரன்னிங் பேஸ் கிட்டார். முதல் கச்சேரி அந்த ஆண்டு ஆகஸ்ட் 13, விண்ட்சர் தேசிய ஜாஸ் மற்றும் புளூஸ் விழாவில். சில வாரங்களில் பிரன்னிங் போய் ஜான் மெக்வீ வந்தார். 1968 ஆகஸ்டில் டேனி கிர்வன் வந்தார், அப்போது அவருக்கு வயது 18. 1970 மே மாதம் கிரீன் விலகினார். அதன்பின் கிறிஸ்டீன் மெக்வீ, பாப் வெல்ச் என்று ஆட்கள் வருவதும் போவதுமாகவே இருந்தது.

விண்ட்சரிலேயே முதல் தவறு தொடங்கிவிடுகிறது. அது மூன்று நாள் விழா. கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை கிரீம் என்ற குழு வாசித்தது, மேயாலும் வாசித்தார். மூன்று நாள் கூட்டத்தையும் கூட்டி, அதை அன்றுதான் பிறந்த குழுவின் முதல் கச்சேரிக் கூட்டம் என்று எழுதுவது நியாயமா? வெள்ளிக்கிழமை வந்தவர் ஞாயிறும் வந்திருந்தால் ஒரே தலையை இரண்டு முறை எண்ணியிருப்போம். அன்று மேடைக்கு முன்னால் நின்றவர்கள் வேறு, மைதானத்துக்குள் வந்தவர்கள் வேறு. இரண்டு நாள் கழித்து இதே குழு லண்டன் வார்டர் தெரு 90ஆம் எண்ணில் இருந்த மார்க்கீ கிளப்பில் வாசித்தது. உள்ளே நூற்றுக்கணக்கில்தான் ஆட்கள் நிற்க முடியும். இந்தக் குழுவின் உண்மையான கூட்டம் அங்கேதான் உருவாயிற்று. இவர்களுடைய, பாட்டே இல்லாத ஒரு கிட்டார் இசைத்தட்டு 1969 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பிறகுதான் பெரிய அரங்கங்கள் கதவைத் திறந்தன.

அரங்கக் கணக்குக்கு வருகிறேன். ஒரு கச்சேரிக்கு நான்கு எண்கள் உண்டு: உரிமத்தில் உள்ள கொள்ளளவு, விற்ற சீட்டு, ஓசிச் சீட்டு, வாசலில் கிழித்த சீட்டு. நான்கும் ஒன்றாக இருக்கவே இருக்காது. பத்திரிகைக்காரருக்கும் இசைத்தட்டுக் கம்பெனி ஆட்களுக்கும் கொடுத்த சீட்டு வசூலில் வராது, ஆனால் அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சீட்டு வாங்கியும் மழைக்குப் பயந்து வராதவர் வசூலில் இருப்பார், நாற்காலியில் இருக்கமாட்டார்.

வசூல் மட்டும் கிடைத்தால் சீட்டு விலையால் வகுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15 வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். விளம்பரத்தில் 7/6 என்று இருந்தால் அது ஏழரை ஷில்லிங். வாசல் வசூல் 150 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 3,000 ஷில்லிங், ஏழரையால் வகுத்தால் 400 பேர். 7/6 என்பதை 7.6 என்று படித்தால் கணக்கு அங்கேயே கோணலாகிவிடும். உறுப்பினருக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை இருந்தால் ஒரே வகுத்தல் போதாது.

சுருள் சீட்டுக்கு வேறு வழி. கதவு திறக்கும்போது சுருளில் இருந்த முதல் எண்ணை, மூடும்போது மிஞ்சிய முதல் எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். உங்கள் கையில் 412ஆம் எண் துண்டு இருப்பதால் 412 பேர் வந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. போன வாரச் சுருளின் மிச்சமாக இருக்கலாம். இரண்டு வாசலுக்கு இரண்டு சுருள் இருந்திருக்கலாம். துண்டின் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் இருந்த ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம் இன்னொரு வகைச் சிக்கல். சுமார் 2,600 இருக்கை, பெரும்பாலும் ஒரே இரவில் இரண்டு காட்சி. எனவே "ஃபில்மோர் நிரம்பியது" என்றால் 2,600ஆ, 5,200ஆ என்று கேட்க வேண்டும். 1970 பிப்ரவரி 11 அன்று கிரேட்ஃபுல் டெட், ஆல்மன் பிரதர்ஸ், லவ் ஆகிய மூன்று குழுக்களுக்கு அங்கே கச்சேரி. பீட்டர் கிரீனும் கிர்வனும் ஃபிளீட்வுடும் விருந்தாளிகளாக மேடையேறிச் சேர்ந்து வாசித்தார்கள். அருமையான இரவு, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீட்டில் ஃபிளீட்வுட் மேக் என்ற பெயரே கிடையாது. 1969 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அமெரிக்க புளூஸ் கலைஞர் பி.பி. கிங்குடன் நடந்த கச்சேரியிலும், கூட்டத்தில் பாதிக்கு மேல் கிங்குக்காக வந்தவர்கள் என்பது என் கணிப்பு.

இப்போது ஒரு கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

1973 அக்டோபர். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் குழுவுக்குள் குடும்பத் தகராறு. கிட்டார்க்காரர் பாப் வெஸ்டன் நீக்கப்பட்டார், மீதிக் கச்சேரிகள் ரத்து. மேலாளர் கிளிஃபர்ட் டேவிஸ் என்ன செய்தார் தெரியுமா? குழுவின் பெயர் தனக்கே சொந்தம் என்றார். 1974 ஜனவரியில் வேறு ஐந்து பேரைச் சேர்த்து, அதே பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்! ஃபிளீட்வுட் இல்லை, மெக்வீ இல்லை, பெயரில் பாதிகூட மேடையில் இல்லை. பாடகர் எல்மர் கேன்ட்ரி. ஃபிளீட்வுட் பின்னால் வந்து சேருவார் என்று தங்களிடம் சொல்லப்பட்டதாக அந்தக் கலைஞர்கள் பிறகு சொன்னார்கள், ஃபிளீட்வுட் மறுத்தார். சீட்டு விற்றது, விளம்பரம் வந்தது, ஜனங்கள் உட்கார்ந்தார்கள். திரை விலகியது. யாரப்பா இவர்கள்? குழுவின் சுற்றுப்பயண மேலாளர் ஜான் கரேஜுக்கும் முதலில் விஷயம் தெரியாது. ஒரு கச்சேரி வேலை பார்த்த பிறகுதான் சங்கதி புரிந்தது. உடனே நிஜக் குழுவின் வாத்தியங்களையும் கருவிகளையும் கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டார். பயணம் பாதியில் நின்றது, வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. நிஜக் குழு பெயரைக் காப்பாற்ற லாஸ் ஏஞ்சலிசுக்கே குடிபெயர்ந்தது. மாற்றுக் குழுவோ ஸ்ட்ரெச் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு, இந்த வம்பையே பாட்டாக்கி 1975இல் பிரிட்டன் பட்டியலில் ஏறிவிட்டது.

கணக்குப்பிள்ளையாக நான் கேட்கிறேன்: அந்த ஜனவரிக் கூட்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? சீட்டில் ஃபிளீட்வுட் மேக், மேடையில் வேறு ஆள். கண்ணால் கண்டவர்களே ஏமாந்தார்கள். கண்ணால் காண்பதும் பொய் என்றவர் சும்மாவா சொன்னார்? அந்தக் கச்சேரிகளுக்கு என் பேரேட்டில் தனிப் பக்கம், வரிசை எண் மட்டும் உண்டு, கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை.

திருவிழாக் கூட்டம். வாசல் இல்லாத இடத்தில் பரப்பளவால் எண்ண வேண்டும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் மாணவர் போராட்டங்களை மாடி ஜன்னலிலிருந்து பார்த்து வகுத்த வழி அது: தளர்ந்த கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரை. 100 அடிக்கு 60 அடி இடம் என்றால் 6,000 சதுர அடி. தளர்வாக 600 பேர், நெருக்கமாக 1,300க்குச் சற்று மேல். ஒரே இடம், இரட்டிப்புக்கு மேல் வித்தியாசம். மேடையோரத்தில் நெருக்கத்தைப் பார்த்துவிட்டு மைதானம் முழுக்க அதையே போட்டால் எண் வீங்கிவிடும்.

இங்கிலாந்தின் வைட் தீவில் 1970இல் நடந்த இசை விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிளீட்வுட் மேக் அங்கே இல்லை, ஆனால் அதே புளூஸ் கொடியில் காய்த்த ஃப்ரீ, டென் இயர்ஸ் ஆஃப்டர் என்ற இரண்டு குழுக்களும் வாசித்தன. 6 லட்சம் பேர் என்று இன்றும் எழுதுகிறார்கள். அது தீவு ஐயா! படகில்தான் வர வேண்டும். படகுக்கு 1,000 பேர் என்று தாராளமாகவே வைத்தாலும் 600 நடை. ஐந்து நாளில் முடிக்க 12 நிமிடத்துக்கு ஒரு படகு, இரவு பகலாக. தீர விசாரிக்க வேண்டிய இடம் மைதானம் அல்ல, படகுத்துறை. சட்டம் மட்டும் சரியாக எண்ணியது: மறு ஆண்டு, அந்தத் தீவில் 5,000 பேருக்கு மேல் இரவு முழுக்கத் திறந்தவெளியில் கூட உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். அவர் சொல்லுக்கு மறுப்பில்லை. ஆனால் நான் வந்த காரியம் ஒன்று இருக்கிறது. இத்தனை தவறுக்கும் காரணம், காகிதத்தைக் குப்பையில் போட்டது. மார்க்கீயின் அந்தக் கட்டடம் 1988இல் கைவிட்டுப் போனது. எத்தனை வாசல் நோட்டு அதோடு போயிற்றோ! ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் கிழிந்த சீட்டு, துண்டு விளம்பரம், மாணவர் மன்ற வரவு செலவுத் தாள் எதையும் எரிக்காதீர்கள், இந்த ஊர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். நகரமன்ற உறுப்பினர் அவர்கள் ஓர் அலமாரிக்கு வழிசெய்ய வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

கொடுக்கும் முறையைக் கேளுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளித்துக் காகிதத்தைத் தின்றுவிடும். லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. சீட்டின் பின்புறம் பேனாவால் எழுதக்கூடாது. அமிலமற்ற உறையில் வைத்து, உறையின் மேல் பென்சிலால் தேதி, அரங்கம், விலை, யார் யார் வாசித்தார்கள், எந்த வாசலில் நுழைந்தீர்கள், உட்கார்ந்தீர்களா நின்றீர்களா என்று எழுதுங்கள். தேதி நினைவில்லையென்றால் ஊகித்து எழுதாதீர்கள், காலியாக விடுங்கள். வெளியே மேசையில் உறைகளும் பென்சிலும் வைத்திருக்கிறோம், ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம். தேநீருக்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள். வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்.