பேங்க் அக்கவுண்ட் ஓபன் பண்ணா கிரெடிட் ஸ்கோர் குறையுமா?

வணக்கம் மக்களே. நம்ம காச நாமதான் போடப்போறோம், பேங்க் நமக்கு ஒத்த பைசா கடன் தரல, அப்புறம் எதுக்கு அக்கவுண்ட் தொறக்கும்போது கிரெடிட் ரிப்போர்ட்ட, அதாவது நாம கடன் வாங்கி கட்டின வரலாற, எடுத்து பாக்குறாங்கனு நிறைய பேருக்கு கோவமே வருது, நியாயமான கோவம்தான். அந்த வரலாற வச்சு போடுற மார்க்குதான் கிரெடிட் ஸ்கோர்.

பாக்குறதுல ரெண்டு விதம் இருக்கு. சாஃப்ட் செக்னா நீங்க குடுத்த பேரு, பொறந்த தேதி, அட்ரஸ் எல்லாம் சரியா இருக்கா, உங்க பேர்ல வேற யாராவது அக்கவுண்ட் தொறக்க பாக்குறாங்களானு சரிபாக்குறது. இது ஸ்கோர தொடவே தொடாது, மத்த பேங்க் கண்ணுலயும் படாது. சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்டுன்னா பெரும்பாலும் இதோட முடிஞ்சிரும்.

ஹார்ட் செக்தான் கவனிக்கணும். அது பெரும்பாலும் ஓவர்டிராஃப்ட்டால வருது. அக்கவுண்ட்ல காசே இல்லன்னாலும் எடுத்துக்கலாம்னா அது கடன்தானே, அப்போ கடன் குடுக்குறவங்க எப்படி பாப்பாங்களோ அப்படித்தான் பாப்பாங்க. அக்கவுண்ட் தொறக்குற ஃபார்ம நல்லா பாருங்க, 'ஓவர்டிராஃப்ட் வேண்டும்'னு குட்டியா ஒரு கட்டம் இருந்தா, தேவையில்லன்னா அதுல டிக் போடாதீங்க, ஏற்கனவே டிக் இருந்தா எடுத்துடுங்க.

ஹார்ட் செக் நடந்தா தேதியும் பேங்க் பேரும் ரிப்போர்ட்ல ஏறிடும், அமெரிக்காவுல 2 வருஷம் அப்படியே இருக்கும். ஸ்கோர் குறையறது கொஞ்சம்தான், ஆனா ஒரே மாசத்துல நாலஞ்சு இடத்துல அப்ளை பண்ணிட்டு வீட்டு லோனுக்கு போய் நின்னீங்கன்னா, இவருக்கு ஏதோ பணமுடை போலனு யோசிப்பாங்க. அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடியே சாஃப்ட்டா ஹார்டானு வாய்விட்டு கேளுங்க.

ஸ்கோர் சூப்பரா இருந்தும் சிலருக்கு ரிஜெக்ட் ஆகும். அமெரிக்காவுல எர்லி வார்னிங் சர்வீசஸ் மாதிரி தனி ஏஜென்சிங்க இருக்கு, பழைய அக்கவுண்ட்ட மைனஸ்ல விட்டுட்டு போனது, காசோலை மோசடி, இதெல்லாம் அங்க பதிவாகி இருக்கும், புது பேங்க் அதத்தான் பாக்குது. அந்த ஏஜென்சிங்ககிட்ட இருக்க உங்க ரிப்போர்ட்ட வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ரீயா வாங்கி பாக்கலாம்.

ஸ்கோர் மோசமா இருக்கவங்க பயப்படாதீங்க. பிரிட்டன்ல பெரிய பேங்க்குங்க ஓவர்டிராஃப்ட் இல்லாத பேசிக் அக்கவுண்ட் தர்றாங்க, ஐரோப்பிய யூனியன்ல சட்டப்படி தங்கியிருக்கவங்களுக்கு அது உரிமைனே 2014ல சட்டம் போட்டாங்க.

அப்படியும் ரிஜெக்ட் ஆச்சுன்னா சும்மா திரும்பி வந்துடாதீங்க, எந்த ஏஜென்சி ரிப்போர்ட்ட பாத்தீங்கனு கேட்டு வாங்குங்க, அத வரவழைச்சு பாத்து, தப்பா ஏதாவது ஏறியிருந்தா அந்த ஏஜென்சிக்கே எழுதி திருத்தச் சொல்லிட்டு, அதுக்கப்புறம் அடுத்த பேங்க்குக்கு போங்க.