பலகைத் தரைக்கும் மின்கட்டணத்துக்கும் கொடுங்கள்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், புதிய கலை மையத்துக்கான நிதிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

நம் வட்டாரக் கலை அறவாரியம் இந்த மையத்தைக் கட்டித்தர முன்வந்திருக்கிறது. மனமார்ந்த நன்றி. கட்டடம் எழும்பிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திறப்பு விழா முடிந்த மறுவாரம், ஒரு சாதாரணத் திங்கட்கிழமை மாலையில், உள்ளே யார் இருப்பார்கள்? அதைத்தான் இன்று பேச வந்தேன்.

கொடுப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1950களில் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று சொல்லி ஆளுக்கொரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கேட்டார். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தமிழ் நூலகத்துக்காக. ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில், தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தத் தோட்டங்களை நாமே வாங்குவதற்காக 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தின் கட்டடத்தில், டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில்தான் இன்றைக்கும் நாடகம் பார்க்கிறோம், நூல் வெளியிடுகிறோம். ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள் போட்ட அடித்தளம் அது. அங்கே உட்காரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

சரி, மேடை ஏற அரங்கம் உண்டு. மேடை ஏறும்முன் பழக இடம் எங்கே? இதே பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப்பள்ளி இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கி வைத்தது. நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிம் 1983இல் ஆரம்பித்த சூத்ரா நடனக் குழுவும் இந்த நகரில் இருக்கிறது. இரண்டுமே வகுப்பும் ஒத்திகையும் ஓயாமல் நடப்பதால் நிலைத்தவை. ஆனால் சிறு குழுக்கள் வீட்டு வரவேற்பறையிலும் கார் நிறுத்துமிடத்திலும்தான் பழகுகின்றன.

அறவாரியத்தாரிடம் ஒரு வேண்டுகோள். முகப்பு அலங்காரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், தரைக்குச் செலவழியுங்கள். சிமெண்டுமேல் ஓடு பதித்த தரையில் ஒரு குழந்தை பரதத்தின் ஆரம்பப் பாடமான தட்டடவு போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, பாதம் முழுவதும் படியத் தட்டுகிறாள். தரை அசையாது. அடி முழுவதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் திரும்பி வருகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படித் தட்டினால் மூட்டு என்ன ஆகும்? சட்டங்களுக்குமேல், அடியில் இடைவெளி விட்டுப் பலகை அடித்த தரையானால் கொஞ்சம் கொடுத்து வாங்கும். விழுகிற அடியில் ஒரு பங்கை அதுவே தாங்கிக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அடியில் காற்றோட்டம் வேண்டும், கறையான் மருந்தும் வேண்டும். செலவுதான். பிள்ளைகளின் கால்களைவிடப் பெரிய செலவல்ல.

அப்புறம், உறுமி என்கிற இருமுகத் தோல் மேளம். உறுமி மேளப் பையன்களைப் பற்றி முகம் சுளிக்கிறவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் உரசி அந்த உறுமலை எழுப்ப எவ்வளவு நாள் பழக வேண்டும் தெரியுமா? கோயில் திடலில் பழகினால் அக்கம்பக்கத்தார் புகார். பூங்காவில் பழகினால் ரோந்துக்கார் வந்துவிடும். ஒலி வெளியே போகாத ஒரு அறையை, பரதத்துக்கும் வீணைக்கும் கொடுக்கிற அதே மரியாதையோடு அவர்களுக்குக் கொடுங்கள். தைப்பூசத்தில் நம்மோடு பத்துமலைக்கு நடந்து வருகிறவர்கள் அவர்கள்தான்.

இனி நம் பங்கு. கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். மின்கட்டணத்துக்கும், காவலாளி சம்பளத்துக்கும், கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் கொடுத்தால் எந்தக் கல்லிலும் பெயர் வராது. ஆனால் மாதாமாதம் கதவு திறப்பது அந்தப் பணத்தால்தான். அரங்கேற்றத்துக்கு மண்டபம், பட்டு, நகை, விருந்து என்று வாரி இறைக்கிற குடும்பங்கள் அதில் ஒரு பங்கை இங்கே ஒதுக்க வேண்டும். உரிமையோடுதான் கேட்கிறேன்.

பின்வரிசை மேசையில் படிவம் வைத்திருக்கிறோம். மொத்தமாக எழுதத் தேவையில்லை. மாதம் பத்து ரிங்கிட் போதும். கூடவே, எந்தக் கிழமை மாலையில் உங்கள் பிள்ளைகளை அழைத்து வருவீர்கள் என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. தயவுசெய்து அதைக் காலியாக விடாதீர்கள். வகுப்பு அட்டவணையை அதை வைத்துத்தான் போடப் போகிறோம்.

நன்றி, வணக்கம்.