வீட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு

வணக்கம், நேயர்களே. பழைய காரை வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அம்பாசிடர், பியட் என்று எத்தனையோ இருந்தாலும் நான் ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அது நம்ம ஊர்க் கார், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரானது. அதைவிட முக்கியமாக, சாதாரண வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பிரித்து மாட்ட அவ்வளவு தோதான காரை நான் வேறு பார்த்ததில்லை.

ஏன் தோது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1950-களில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் புதிய சிறிய கார் ஒன்றுக்குத் திட்டமிட்டது. ஆனால் அவர்களுக்குக் கார்க்கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டிக் கார் நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. சரி, தனியாக ஒரு சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், வைப்போம், உடம்பைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து போல்ட் போட்டு மாட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி வடிவம் வரைந்தார். 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது. 1961-இல் அதே கார் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. பின்சீட்டுக்கும் கதவு வேண்டும் என்று கேட்கும் நம் குடும்பங்களுக்காக நான்கு கதவு ஹெரால்டையும் இங்கேயே செய்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்குக் கஸல் என்ற கார் வந்தது.

அன்றைக்கு அவர்களுக்கு வந்த சங்கடம் இன்றைக்கு நமக்கு வசதி. மற்ற பல கார்களில் உடம்பும் சட்டமும் ஒன்றாக வெல்டிங் ஆகியிருக்கும். அடிப்பாகம் துருப்பிடித்தால் பெரிய பட்டறை வேண்டும். ஹெரால்டில் ஸ்பேனர் போதும். முன் பானட் இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்னோக்கித் திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே கார்பரேட்டரைக் கழற்றலாம். எஞ்சின் 948 சி.சி., நான்கு சிலிண்டர், எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் குறுகலான சந்து வீட்டுக்காரரும் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்கப் போகும்போது பெயிண்டைப் பார்க்காதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகம். அதில் உள்ள சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில் உள்ளதோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் தரையில் ஒரு கோணியை விரித்துப் படுத்து, சேஸிஸைப் பாருங்கள். நடுவில் இரண்டு நீளச் சட்டங்கள் ஓடும். அவற்றிலிருந்து இரண்டு பக்கமும் உடம்பைத் தாங்கக் குறுக்குச் சட்டங்கள் நீண்டிருக்கும். அவுட்ரிகர் என்பார்கள். மழைநீரும் சேறும் தங்குவது அங்கேதான். கடற்கரை ஊர்க் கார் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நடுச்சட்டம் உறுதியாக இருந்து அவுட்ரிகர் மட்டும் போயிருந்தால் பயமில்லை, செய்து மாட்டிவிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: எல்லா அவுட்ரிகரையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுக்கக் கூடாது. ஒன்றை வெட்டி, அளந்து, புதியதை வெல்டிங் வைத்த பிறகே அடுத்தது. கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புப் பட்டை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கூடு கோணிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கதவும் ஒழுங்காக மூடாது.

சிறு இரும்புச் சாமான்களின் துருவை எடுக்க, நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு கரண்டி சலவைச் சோடா, ஒரு பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானை நெகட்டிவ் பக்கம் கட்டுங்கள். பாசிட்டிவ் பக்கம் ஏதாவது வேண்டாத இரும்புத் துண்டு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு ராத்திரி விட்டால் துரு கறுத்துத் தளர்ந்துவிடும், பிரஷ் போட்டால் வந்துவிடும். நல்ல இரும்பு தேயாது. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வரைக் கட்டவே கூடாது, தண்ணீரில் நச்சு குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. அலுமினியத்தையும் ஸ்பிரிங்கையும் இதில் போடாதீர்கள்.

அடுத்தது, ஹெரால்டு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சிறு பாகம். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். இதுதான் ட்ரன்னியன். இதற்கு ஊற்ற வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். ஆனால் கிரீஸ் கன் கையில் இருக்கிறதே என்று பல இடங்களில் கிரீஸை அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் நாளாவட்டத்தில் இறுகிவிடும், மரையின் உள்பக்கம் எண்ணெய் போகாது, தண்ணீர் போய்த் துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். மெதுவாகத் திரும்பும்போது முறிந்தால் பிழைத்தோம். நெடுஞ்சாலையில் முறிந்தால் நினைக்கவே மனம் நடுங்குகிறது. ஆகவே வாங்கிய கையோடு அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மரையைப் பாருங்கள். அரித்த தடம் தெரிந்தால் அந்தத் தண்டை மறுபடி மாட்டாதீர்கள்.

இனி மாற்றம் செய்வது பற்றி. ஒரிஜினலாகவே இருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இன்னொரு கூட்டம். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். மாற்றியதை நாளைக்குக் கழற்றினால் கார் பழையபடி ஆக வேண்டும். அதற்காக ஒரிஜினல் தகட்டையோ சேஸிஸையோ வெட்டக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, சீட்டு எழுதி, பரணில் வைத்துவிட வேண்டும்.

இந்த அளவுகோலுக்குள் தாராளமாகச் செய்ய வேண்டிய மாற்றங்கள் பிரேக்கில் இருக்கின்றன. நம் ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அனைத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. எங்கேயாவது ஒரு குழாய் ஒழுகினால் நான்கும் போய்விடும். பெடலை மிதித்ததும் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை இரண்டு தனி வழிகள் கொண்டதாக மாட்டினால் ஒன்று போனாலும் இன்னொன்று நிறுத்தும். அதே டிரையம்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் காரின் முன்சக்கர அமைப்பு ஹெரால்டை ஒட்டியது என்பதால், அதன் டிஸ்க் பிரேக்கை வெட்டாமல் மாட்டலாம். பழைய பிரேக் ஷூவில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியைப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். காருக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள்.

மின்சாரம் தரும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, இன்றைய கார்களில் உள்ள ஆல்டர்னேட்டர் மாட்டுவதும் நல்லதே. சிக்னலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதிய மின்சாரம் தராது. மழை இரவில் வைப்பரும் விளக்கும் மங்கிக்கொண்டே போகும். மாட்டுவதற்கு முன் உங்கள் காரில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் எர்த் ஆக இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் நொடியில் கருகிவிடும். சீட் பெல்ட்டும் அவசியம் போடுங்கள், அதை முடுக்கும் இடத்துக்குப் பின்புறம் தடித்த தகடு வைத்து.

எஞ்சினுக்கு வருவோம். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. வால்வு உட்காரும் இடம் தேயாமல் அது காத்தது. 2000-ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுவிட்டது. எனவே எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும்போதே லேத் பட்டறையில் கொடுத்து எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் போட்டுவிடுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பு டயஃப்ரமும் அதில் ஊறி இளகிவிடும். எத்தனாலைத் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்வது நல்லது.

நவீன எஞ்சினை எடுத்து வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். இந்தச் சேஸிஸும், பின்சக்கரங்கள் தனித்தனியே ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸிலும் சுமார் 35 குதிரைசக்திக்கு ஏற்றபடி செய்தவை. வேகமாக வளைவில் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். அதற்கு இரண்டு மடங்கு சக்தி கொடுப்பது ஆபத்து. சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து காரை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எஞ்சினை மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பெரிய மாற்றம் எதையும் தொடங்குவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், உடல், எஞ்சின் பெரிதாக மாறாமல் இருந்தால் வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும். கடைக்கும் கோவிலுக்கும் ஓட்ட ஆசைப்படுபவர் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம்.

உதிரிபாகம் கிடைக்குமா? சென்னையில் புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் சிலது கிடைக்கும். இங்கிலாந்தில் டிரையம்ப் பாகங்களை இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். புஷ், பின் போன்றவற்றை நல்ல லேத்காரர் பழையதைப் பார்த்தே கடைந்து தருவார். அவரிடம் அவசரப்படுத்தாதீர்கள். பெயிண்ட் வேலையைத் தெரிந்தவர் கையில் விடுங்கள், அதுவும் கார் ஓடி நின்று எல்லாம் சரியான பிறகு.

முதல் நாள் ஓட்டும்போது தெருவைச் சுற்றி வந்தால் போதும். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் உள்பக்கமும் பிரேக் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள், டிரம்மைத் தொட்டு எது அதிகம் சுடுகிறது என்று பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆறிய பிறகு சிலிண்டர் ஹெட் நட்டுகளை வரிசைப்படி மறுபடி இறுக்கி, வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துக்கு வைத்து, ஆயிலை மாற்றிவிடுங்கள். அதற்கப்புறம் மகாபலிபுரம் வரைக்கும் போய் வரலாம். நன்றி, வணக்கம்.