ஒரு மூடு கிழங்கும் ஒரு கை அரிசியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கோவில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் ஊருக்கு வரும் பிள்ளைகள் கை நிறையச் சாமான்களோடு வருகிறார்கள். "எதுக்கு மக்களே இதெல்லாம்?" என்று அம்மா கேட்பதை உபசாரப் பேச்சாக எடுத்துக்கொள்கிறோம். அது உபசாரமல்ல, நிஜமான கேள்வி. எந்தச் சாமான் எத்தனை நாளைக்கு வரும் என்று அந்த வீட்டில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நோட்டில் எழுதாத கணக்கு. அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள இந்த வருகைகளைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கைப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் பத்து மூடு, அதாவது பத்துச் செடி நின்றால் பத்தையும் ஒரே நாளில் பிடுங்கும் பழக்கம் நம் பெரியவர்களுக்குக் கிடையாது. வீட்டில் இரண்டே பேர் என்றால், ஒரு மூட்டின் ஓரத்து மண்ணை விலக்கி, வேண்டிய இரண்டு கிழங்கை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மண்ணை மறுபடி அணைத்துவிடுவார்கள். காரணம் இருக்கிறது. பிடுங்கிய கிழங்கில் இரண்டு மூன்று நாளில் கருநீல வரி ஓடிவிடும். அப்புறம் அவித்தாலும் ருசிக்காது. மண்ணுக்குள் இருக்கும்வரை அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டாம். ஆனால் அதிக நாள் விட்டால் நாரோடிப் போகும், மழைத்தண்ணீர் கட்டினால் அழுகும். அதனால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னே மிச்சத்தைப் பிடுங்கி, தோலுரித்து, வட்டமாக அரிந்து, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அரைவேக்காடாக அவித்து, வடித்து, நல்ல வெயிலில் நாலைந்து நாள் உணக்குகிறார்கள். அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்ட வேண்டும். கிழங்கின் நஞ்சு அதில்தான் இறங்கும். உணங்கிய துண்டை ஒடித்தால் 'டப்' என்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூசணம் பிடிக்கும்.

அடுத்தது அடுப்பு. நம் சிவப்புச் சம்பா அரிசியில் தவிடு இருப்பதால் வேக நேரமாகும். அரைமணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கொதித்த பிறகு பத்து நிமிடம் தீயில் வைத்து, மூடி, அடுப்பை அணைத்துவிட்டு, பானையைப் பழைய கம்பளியில் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே ஆகிவிடும். இது சிலருக்குச் சரியாக வருவதில்லை. அரை ஆழாக்கு அரிசியைப் பெரிய பானையில் போட்டால் சூடு நிற்காது. முக்கால் பானையாவது நிறைந்திருக்க வேண்டும். நடுவில் திறந்து பார்த்தாலும் கெட்டது. லாபம் தெரிய வேண்டுமானால், 14.2 கிலோ சிலிண்டரை மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு சிலிண்டர் முடிவதற்குள் வித்தியாசம் தெரியும்.

கருப்பட்டி விஷயத்தில் நாம்தான் காரியத்தைக் கெடுத்தோம். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, காற்றில் எப்போதும் ஈரம். விறகடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டிக்குள் கருப்பட்டி இருந்தபோது அடியிலிருந்து வந்த சூடும் புகையும் அதை உலர்வாக வைத்தன. கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தோம், நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சூடு போய்விட்டது. அதே ஓலைப்பெட்டியில் இப்போது கருப்பட்டி கசிந்து ஒழுகுகிறது. "கருப்பட்டி முன்ன மாதிரி இல்ல" என்று அம்மா சொல்வார். பல வீடுகளில் மாறியது கருப்பட்டி அல்ல, அடுக்களை. வெயிலில் காயவைத்து, காகிதத்தில் சுற்றி, காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் போதும். புளிக்கு இது பொருந்தாது. கொட்டை நீக்கி, காயவைத்து, கிலோவுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு சேர்த்துப் பீங்கான் பரணியிலோ மண்பானையிலோதான் அடைக்க வேண்டும். தகர டப்பாவைப் புளி அரித்துவிடும்.

இதையெல்லாம் கேட்டால் அம்மா சொல்லும் அளவு "ஒரு கை" என்பதாகத்தான் இருக்கும். உங்கள் கை வேறு, அவர் கை வேறு. அவர் அள்ளியதைப் பாத்திரத்தில் போடச் சொல்லி, டம்ளரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை அளந்து பாருங்கள். வியக்கும்படி ஒரே அளவாக இருக்கும்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். எளிமை வேறு, குறைத்துக்கொள்வது வேறு. பிரஷர் மாத்திரையை இரண்டாக ஒடித்து நாள் நீட்டுவது சிக்கனமல்ல. போனதும் மாத்திரை அட்டையை எடுத்து, வாங்கிய தேதியோடு எண்ணிப் பாருங்கள். மிச்சம் அதிகமாக இருந்தால் திட்டாதீர்கள், விலையைப் பற்றிப் பேசுங்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மூன்று வேளையும் கஞ்சியும் கருவாடும் என்றால் உப்பு ஏறுகிறது என்று அர்த்தம். செலவு குறைய வேண்டுமென்றால் கருவாட்டுக்குப் பதில் சிறுபயறு இருக்கட்டும். அப்பளம் பொரித்த எண்ணெயை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் சுடவைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் குளியலறைக்குத் தடவித் தடவிப் போகிறார்களே, அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கரண்ட் பில்லுக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள். கணக்குப் பார்த்து வாழ்கிறவர்களுக்குக் கணக்காகவே சொல்லுங்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தால், ஒரு யூனிட் ஆக பதினோரு ராத்திரி வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஐந்தரை யூனிட்டுக்கு உள்ளேதான் வரும். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமே இல்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்விட்ச் பக்கத்தில் ஒட்டிவிட்டு, பல்பையும் நீங்களே மாட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

வணக்கம்.