அம்மாவைப் போலவே நானும் பேச்சை நிறுத்திவிடுகிறேன், இது ரத்தத்தில் வந்ததா?

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். கரூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய அம்மா கோபம் வந்தால் கத்த மாட்டார், அடிக்க மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். இரண்டு நாள், மூன்று நாள், ஒரு தடவை பதினோரு நாள். அந்த நாட்களில் இவரும் தம்பியும்தான் தூது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "உங்கம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு". கல்யாணம் ஆகும்போதே, நான் அம்மா மாதிரி இருக்கவே மாட்டேன் என்று உறுதி எடுத்தவர் இவர். இப்போது வயது 36. போன மாதம் ஒன்பது வயது மகள் ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி அந்தக் குழந்தை கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 'அம்மா நாளைக்கு பி.டி. பீரியட், வெள்ளை ஷூ வேணும்' என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு எழுதியிருக்கிறார். இது பரம்பரையா, மாற்ற முடியுமா, என் தம்பி மட்டும் ஏன் இப்படி இல்லை என்று கேட்கிறார்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் சகோதரி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் ரத்தம். நம் ஊரில் 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவோம். விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி. இரட்டைப் பிள்ளைகளை வைத்து ஐம்பது வருடங்களாக உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை, ஏறத்தாழ 1 கோடியே 45 லட்சம் ஜோடிகளின் கணக்கை, 2015-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடல், மனம் எல்லாம் சேர்த்து, மனிதருக்கு மனிதர் இருக்கும் வித்தியாசத்தில் சராசரியாக 49 சதவீதத்துக்கு மரபணு காரணம் என்று வந்தது. குணம் என்று மட்டும் எடுத்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். இதை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்கள் கோபத்தில் பாதி அம்மா கொடுத்தது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஒரு கூட்டத்தில் ஒருவர் சட்டென்று புண்படுகிறார், இன்னொருவர் படவில்லை, அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மரபணுவால் என்று சொல்லும் கணக்கு அது. தம்பி ஏன் அப்படி இல்லை என்றால், ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தாலும் சீட்டுக் கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி, இரண்டு பேர் கைக்கும் வந்த சீட்டு வேறு. அது தவிர, மூத்த பெண்ணாக நீங்கள் அந்த வீட்டில் பார்த்ததும் சுமந்ததும் வேறு, அவர் பார்த்தது வேறு.

நான் இத்தனை வருடமாக ஆலோசனை சொல்லும் இடத்தில் உட்கார்ந்து புரிந்துகொண்டது இதுதான். பிறவியில் வருவது சூடு. எவ்வளவு சீக்கிரம் மனசு நோகிறது, எவ்வளவு நேரம் அந்த நோவு உள்ளே நிற்கிறது, அது உங்களுக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். ஆனால் மனசு நொந்ததும் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது எந்த மரபணுவிலும் எழுதியிருக்கவில்லை. அதை நீங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள். சமையலறையில் உங்கள் அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைப்பார் இல்லையா, பேச்சு நிற்பதற்கு முன்னால் பாத்திரச் சத்தம் கூடும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அன்றைக்கு நானும் குக்கர் மூடியை அப்படித்தான் வைத்தேன் என்று. அது படிப்பு. ஐந்து வயதிலிருந்து தினமும் நடந்த பாடம்.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில், மான்ட்ரியலில் இருக்கும் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி என்பவரும் கூட இருந்தவர்களும் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். சில தாய் எலிகள் குட்டிகளை நிறைய நக்கிக் கொடுக்கும், சில அவ்வளவாகக் கவனிக்காது. கவனிக்காத தாயின் குட்டிகளைப் பிறந்தவுடன் கவனிக்கும் தாயிடம் மாற்றி வைத்தார்கள். அவை பயம் குறைந்து வளர்ந்தன, அதில் பெண் குட்டிகள் தாயானபோது தங்கள் குட்டிகளை நன்றாக நக்கிக் கொடுத்தன. மனிதர்கள் எலிகள் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூன்று தலைமுறையாக வருகிறது என்பதாலேயே ஒரு குணம் ரத்தத்தில்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது, அதற்காகச் சொன்னேன்.

சரி, நீங்கள் எடுத்த உறுதி ஏன் நிற்கவில்லை? 'அம்மா மாதிரி இருக்க மாட்டேன்' என்பதில் எதைச் செய்யக் கூடாது என்று இருக்கிறது, அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இல்லை. கோபம் தலைக்கேறும்போது யாரும் யோசித்துப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதில்லை, கை பழகினதைத்தான் எடுக்கும். உங்கள் கைக்குப் பழக்கமானது அந்த ஒன்றுதான்.

அதனால் வேறு ஒன்றைக் கொடுங்கள். சின்னதாக, முன்கூட்டியே முடிவு செய்ததாக. பாத்திரச் சத்தம் கூடுகிறதா, அதுதான் உங்களுக்கு மணி. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அம்மாவுக்கு இப்போ கோபமா இருக்கு. கொஞ்ச நேரம் பேச மாட்டேன். எட்டு மணிக்குப் பேசலாம். நீ பொய் சொன்னதைப் பற்றித்தான் பேசுவோம்." அவ்வளவுதான். வாயை மூடுவதில் தப்பே இல்லை, உண்மையில் உங்கள் அம்மாவிடம் ஒரு நல்லது இருந்தது, திரும்ப எடுக்க முடியாத ஒரு வார்த்தையை அவர் விட்டதே இல்லை, அதை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கொல்வது, இது எப்போது முடியும் என்று தெரியாமல் இருப்பதுதான்.

எட்வர்ட் ட்ரோனிக் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். 1970-களில் அவர் செய்தது மிகச் சின்னச் சோதனை. தாய் தன் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாட வேண்டும், பிறகு இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். கையை நீட்டும். சத்தம் கொடுத்துப் பார்க்கும். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். மூன்றே நிமிடம். நான் அந்த வீடியோவை முதன்முதலில் பார்த்தபோது பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். உங்கள் மகள் எழுதி ஒட்டின தாளும் அந்தக் கை நீட்டல்தான் சகோதரி. அவள் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அதே ட்ரோனிக் இன்னொன்றும் சொன்னார், அது ஆறுதலானது. நன்றாக இருக்கும் தாயும் குழந்தையும்கூட ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் ஒத்துப் போகிறார்கள், மிச்ச நேரமெல்லாம் விலகுவதும் மறுபடி சேர்வதும்தான். அந்த மறுபடி சேர்வதில்தான் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது.

நம் வீடுகளில் இந்தச் சேர்வது எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் "தோசை ஆறுது, வா" என்று ஒரு குரல் வரும். அதுதான் சமாதானம். அந்தத் தோசையில் எவ்வளவு பாசம் இருக்கிறது என்று நமக்கு நாற்பது வயதில் புரியும், ஒன்பது வயதில் புரியாது. என்ன தப்பு செய்தேன், எதனால் சரியானது என்று தெரியாமல் குழந்தை சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். தோசை சுடுங்கள், கூட ஒரு வாக்கியம் சேருங்கள்: "ரெண்டு நாள் அம்மா பேசாம இருந்தது தப்பு. உன் மேல பாசம் குறையல." இதை இன்றைக்கே சொல்லலாம். சொல்லும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.

மாற எவ்வளவு நாள் ஆகும்? 2017-இல் 207 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெரும்பாலும் மனநலச் சிகிச்சை எடுத்தவர்கள், சராசரியாக 24 வாரத்தில் குணத்திலேயே மாற்றம் தெரிந்தது, அதிலும் சட்டென்று கலங்கும் குணம்தான் அதிகம் இறங்கியது. 2019-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை 15 வாரம் கவனித்தார்கள். மாற வேண்டும் என்று ஆசைப்பட்டது மட்டும் போதவில்லை, வாரா வாரம் சின்னச் சின்னக் காரியமாகச் செய்து முடித்தவர்கள்தான் மாறினார்கள். எனவே 'இனிமேல் பேச்சையே நிறுத்த மாட்டேன்' என்று மறுபடி சத்தியம் செய்யாதீர்கள். இரண்டு நாளை ஒரு நாளாக்குங்கள். ஒரு நாளை ஒரு சாயங்காலமாக்குங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றி. அவர் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "நீ கல்யாணமாகி வந்த புதுசுல கோபம் வந்தா என்னம்மா பண்ணுவ?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டுகிற மாதிரி வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். மாமியார் முன் குரலை உயர்த்த முடியாத வீட்டில் ஒரு மருமகளுக்கு இருந்த எதிர்ப்பு, பேசாமல் இருப்பதும் சாப்பிடாமல் இருப்பதும்தான். என்னிடம் வந்த எத்தனையோ பெண்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு அது வேலியாக இருந்தது. உங்களுக்கு வாய் திறந்து பேசுகிற இடம் இருக்கிறது, கேட்கிற கணவரும் இருக்கிறார்.

இடையில் ஒன்று. வாரக்கணக்கில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதைக் குணம் என்று ஒதுக்காதீர்கள், மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

கடைசியாக, இப்படி நாலைந்து மாதம் செய்தீர்கள் என்றால் ஒரு நாள் உங்கள் மகளே முகத்தைச் சுருக்கிக்கொண்டு, "எனக்குக் கோபமா இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று சொல்லக்கூடும். எதிர்த்துப் பேசுகிறாள் என்று அதட்டிவிடாதீர்கள். "சரிடா, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.